பட்டாளத்து அப்பாவைத் தேடி

தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டைக்குள் இடிந்த தேவாலயம் ஒன்று இருக்கின்றது. 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் திருவிதாங்கூரிடம் பிடிபட்டு, பின்னர் அதே மன்னருக்குப் படைத்தளபதியான டி லன்னாய் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். அவர் ஏறக்குறைய 37 ஆண்டுகள் மன்னருக்குப் பணிபுரிந்ததையும் 1777 ஜூன் 1 அன்று இறந்ததையும் கல்லறை எழுத்து கூறுகின்றது. அவருடைய மனைவியும், களக்காட்டுப் போரில் 1765இல் மாண்ட மகனும் அங்கேயே அடக்கப்பட்டுள்ளனர். ஒரு படைவீரரின் பணியும் குடும்பமும் ஒரே இடத்தில் வாசிக்கக் கிடைக்கின்றன.

நம்முடைய மையவாடிகளில் அவ்வாறு வாசிக்க முடியாது. கபுறின் மீது எழுதுவது மார்க்கத்தில் விரும்பத்தக்கதன்று. ஆகவே மீஸான் கற்கள் பெரும்பாலும் பெயரின்றியே நிற்கின்றன. அதில் நமக்குக் குறை ஏதுமில்லை. ஆயினும், "நம் வீட்டில் பட்டாளத்து அப்பா ஒருவர் இருந்தார்" என்ற பேச்சு மட்டும் எஞ்சியுள்ள குடும்பத்தினர் அவரை எங்கே தேடுவது? உறவைப் பேணும் அளவுக்கேனும் வம்சத்தை அறிந்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்கு அறிவுறுத்தியிருக்கின்றார்கள்.

முதலில், தேடும் திசையைச் சரியாகக் கொள்ள வேண்டும். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. அதற்கு முந்தைய சமஸ்தானக் கோப்புகளைத் திருவனந்தபுரத்திலுள்ள கேரள மாநில ஆவணக் காப்பகத்தில் தேடுவதே முறை. அங்கே மலையாளமும் ஆங்கிலமும் எதிர்ப்படும்; தேதிகள் கொல்லம் ஆண்டில் இருக்கும். 1117 என்று கண்டால் அது 1941 ஆகஸ்ட் முதல் 1942 ஆகஸ்ட் வரையிலான காலம். பிரிட்டிஷ் இந்தியப் படையில் சேர்ந்தவரின் சுவடு சமஸ்தானக் கோப்புகளில் இல்லாமலும் போகலாம். மேலும், பட்டாளம் என்றால் துப்பாக்கி ஏந்தியவர் மட்டுமல்லர். லாரி ஓட்டியவரும், சாலை போட்டவரும், சோறு சமைத்தவரும் பட்டாளத்துக்காரர்களே.

இரு உலகப் போர்களிலும் உயிர்நீத்தவர்களுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல் இருக்கின்றது. இணையத்தில் எவரும் பார்க்கலாம். படைப்பிரிவு, எண், இறந்த நாள் ஆகியவற்றுடன், இன்னாரின் மகன், இன்னாளின் கணவர், திருவிதாங்கூரில் இன்ன ஊர் என்ற குறிப்பும் சில பதிவுகளில் உண்டு. முதல் உலகப் போருக்கான பஸ்ரா நினைவுச்சின்னத்திலோ இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் செதுக்கப்படவில்லை. படைப்பிரிவின் கீழ் எண்ணிக்கையாகவே அவர்கள் குறிக்கப்பட்டனர். அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். நூறாண்டு கழிந்தும் மனம் ஒப்பாத அநீதி அது.

பெயரைத் தேடுகையில் பொறுமை வேண்டும். முஹ்யித்தீன் என்பது மைதீன், மொய்தீன், மொஹிதீன் என எழுதுபவரின் காதுக்கு ஏற்ப மாறியிருக்கும். தந்தை பெயரையும் ஊரையும் சேர்த்துப் பார்த்தாலன்றி ஆளை உறுதிசெய்ய இயலாது.

அரசுக் கோப்பு தராத செய்திகள் பல உள்ளன. இதே திருவிதாங்கூரின் வக்கம் ஊரைச் சேர்ந்த அப்துல் காதர், இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தமைக்காக 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அது ரமழான் மாதம். தூக்குக்கு முன் அவர் தம் தந்தைக்கு எழுதிய கடிதம்தான் அவரை ஒரு மகனாக நமக்குக் காட்டுகின்றது. அத்தகைய கடிதம் எல்லா வீடுகளிலும் இராது. எனினும் பள்ளிவாசலில் நிகாஹ் தஃப்தர் இருக்கும்.

மணமகன், மணமகள், வலி, சாட்சிகள், மஹர் என அனைத்தும் அதில் பதிவாகும். படைப் பதிவேடு பெரிதும் கண்டுகொள்ளாத நம் பாட்டிமார் தம் பெயருடன் இருப்பது அங்கேதான். பழைய ஏடுகள் சில அரபுத்தமிழில் எழுதப்பட்டிருக்கலாம். அவற்றைத் தடையின்றி வாசிக்கக்கூடிய பெரியவர்கள் குறைந்து வருகின்றனர். கடற்காற்றும் கரையானும் காத்திருப்பதில்லை. ஆகவே திருவனந்தபுரத்துக்குப் பயணப்படுமுன், ஜமாஅத் நிர்வாகத்தின் அனுமதி பெற்று, அந்த அலமாரியைத் திறந்து பாருங்கள். வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். சாட்சிகளின் பெயர்களைக் கேட்டதுமே, அவர்கள் யார் வீட்டார் என்று அவர் சொல்லிவிடக்கூடும்.