துப்பாக்கி போய் கேமரா வந்த கதை

தென்காசியிலிருந்து மதுரை செல்லும் சாலையில் கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர் என்று ஒவ்வொரு ஊராகத் தாண்டினால் சிவகிரி வரும். (ஈரோடு மாவட்டத்திலும் ஒரு சிவகிரி உண்டு. இது அதுவல்ல!) வழி நெடுக இடது கைப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வருகிறது. சாரல் காலத்தில் மலை மேல் மேகம் இறங்கி நிற்கும்போது, பேருந்து ஜன்னலில் இருந்து குறைந்தது நாலு செல்போனாவது வெளியே நீளும். குற்றாலத்தில் கேட்கவே வேண்டாம். அருவியில் குளிப்பவர்களை விட அருவியைப் படம் எடுப்பவர்கள் அதிகமோ என்று தோன்றும்.

இப்படித் தொழிலாக இல்லாமல், ஆசைக்காகப் படம் எடுப்பவர்களை ஆங்கிலத்தில் 'அமெச்சூர்' என்பார்கள். அந்தச் சொல்லுக்கு மூலப்பொருள் 'நேசிப்பவர்' என்பதுதான். ஆனால் நம்மூரில் அதை 'அரைகுறை' என்ற அர்த்தத்தில்தான் பயன்படுத்துகிறோம்! நம் காடுகளைப் பற்றித் தெரிய வந்த பல உண்மைகள் இந்த 'அரைகுறைகள்' கொண்டு வந்தவை. அவர்களில் முக்கியமான ஒருவர் நெல்லைச் சீமையில் பிறந்தவர்.

கேமரா வருவதற்கு முன் இந்த மலைகளைப் பதிவு செய்தது தூரிகை. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரு ஆங்கிலேய ஓவியர்கள் (சித்தப்பனும் மகனும்) 1792-ல் திருநெல்வேலிப் பக்கம் வந்தார்கள். பாபநாசம் அருவியை அவர்கள் வரைந்த ஓவியம் பின்னர் லண்டனில் அச்சாகி, நம் மலையை அங்குள்ளவர்களுக்குக் காட்டியது. 1839-ல் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் சென்னையிலேயே ஒரு புகைப்படச் சங்கம் தோன்றிவிட்டது. அதைத் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர். அவர் ஒரு டாக்டர்! சென்னை ஓவியப் பள்ளியை (இன்றைய கவின் கலைக் கல்லூரி) 1850-ல் தொடங்கியவரும் அவரே. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858-ல் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் கோயில்களைப் படம் பிடித்தார். அன்றைய கேமராவும் ரசாயனப் பெட்டிகளும் மாட்டு வண்டியில் போக வேண்டிய அளவுக்குக் கனம். படத்துக்கான வெளிச்சம் விழ வெகு நேரம் ஆகும். கோயில் கோபுரம் அசையாமல் நிற்கும், புலி நிற்குமா?

அதனால் காட்டு விலங்கைப் 'பிடிக்க' அப்போது ஒரே வழி துப்பாக்கிதான். வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் ஜமீன்தார்களுக்கும் வேட்டை ஒரு கௌரவம். செத்த புலியின் மேல் ஒரு காலை வைத்து நிற்கும் படங்களை நாம் எல்லோருமே பார்த்திருப்போம். அந்தக் காலத்து 'வனவிலங்குப் புகைப்படம்' பெரும்பாலும் அதுதான்!

இதை மாற்றியவர்களில் ஒருவர் எஃப்.டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி. வட இந்தியக் காடுகளில் புலி நடக்கும் தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பியைக் கட்டி, புலியின் கால் பட்டதும் ஃபிளாஷ் வெடித்துப் படம் விழும்படி செய்தார். 1927-ல் அவருடைய புத்தகம் வந்தது. இன்று புலிகள் காப்பகங்களில் வைக்கும் தானியங்கிக் கேமராக்களுக்கு இதுவே பாட்டன்.

இன்னொருவர் ஈ.பி. ஜீ. அசாமில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். விலங்கியல் பட்டம் எதுவும் இல்லை. 1953-ல் பூட்டான் எல்லைப் பக்கம் பொன்னிறத்தில் ஒரு குரங்குக் கூட்டத்தைக் கண்டு சினிமா ஃபிலிமில் பதிவு செய்தார். அதைப் பார்த்துத்தான் அறிவியலாளர்கள் விழித்துக்கொண்டார்கள். 1956-ல் அந்தக் குரங்குக்கு அறிவியல் பெயர் வைக்கும்போது ஜீயின் பெயரையே சேர்த்து வைத்தார்கள். ஒரு பொழுதுபோக்குக் கேமரா ஒரு புதிய உயிரினத்தையே உலகத்துக்குக் காட்டியது!

இனி நம்மவர். மா. கிருஷ்ணன் 1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தார். தந்தை 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா. தமிழ் நாவல் வரலாற்றில் அவர் பெயர் தெரியாதவர் இருக்க முடியாது. உப்பு இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். எட்டுப் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை கிருஷ்ணன். பதின்மூன்று வயதிலேயே தந்தையை இழந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தார். அங்கே பைசன் என்ற பேராசிரியரோடு மலைகளில் செடி தேடி அலைந்ததில்தான் காட்டுப் பித்து பிடித்தது என்று சொல்லலாம். பிறகு சட்டமும் படித்தார். ஆனால் எதிலும் ஒட்டவில்லை.

1942-ல் கர்நாடகப் பகுதியில் இருந்த சண்டூர் என்ற சின்ன சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. பள்ளி ஆசிரியர், நீதிபதி, மன்னரின் அரசியல் செயலாளர் என்று பல வேலைகள். சும்மா இருந்த நேரத்தில் ஆடு மேய்த்தார், புறா வளர்த்தார். (நீதிபதி ஆடு மேய்த்ததைப் பார்த்து ஊரார் என்ன நினைத்தார்களோ!) சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் அரசு வேலையில் தொடராமல் 1949-ல் சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் படத்தையும் நம்பி வாழத் துணிந்தார். 1950-ல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் அவர் தொடங்கிய இயற்கைப் பத்தி, 1996 பிப்ரவரியில் அவர் இறக்கும் வரை 46 ஆண்டுகள் வந்தது. ஒரு மனிதர் ஒரே பத்தியை அரை நூற்றாண்டு எழுதுவது சாதாரண விஷயமா?

கணக்குப்படி பார்த்தால், படத்தால் காசு வாங்கிய ஆளை அமெச்சூர் என்பது தப்பு. ஆனால் அவருக்கு நிறுவனமும் கிடையாது, புகைப்படப் பயிற்சியும் கிடையாது. கேமராவே கடையில் கிடைக்காத கேமரா! ஒரு கம்பெனியின் உடலும் இன்னொன்றின் லென்ஸும் சேர்த்து அவரே பொருத்திக்கொண்டது. அதன் எடைக்கு ஏற்ப 'சூப்பர் பாண்டரோசா' என்று கேலியாகப் பெயரும் வைத்திருந்தார். முதுமலைக் காட்டில் பழக்கிய யானையின் மேல் உட்கார்ந்து, அந்த மூட்டையைத் தூக்கிப் பிடித்து, காட்டு யானைக் கூட்டத்தைப் படம் எடுப்பதை நினைத்துப் பாருங்கள். இன்று ஒரு நொடியில் இருபது படம் சுடலாம். அன்று பெரிய ஃபிலிம் சுருள் ஒன்றில் எட்டோ பன்னிரண்டோ படங்கள்தான். சுருள் கழுவிய பிறகே படம் விழுந்ததா என்று தெரியும்.

வண்ண ஃபிலிம் வந்த பிறகும் அவர் கறுப்பு வெள்ளையை விடவில்லை. 'அழகான படம்' அவருக்கு முக்கியமில்லை. அந்த விலங்கு அந்த இடத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்பது படத்தில் தெரிய வேண்டும். கூண்டு மிருகத்தைக் காட்டு மிருகம் போலக் காட்டுவதை அவர் வெறுத்தார். சிலருக்கு இது பிடிவாதமாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பிடிவாதத்தால்தான் படங்கள் சாட்சியாக நின்றன. 1968-ல் நேரு ஃபெலோஷிப் பெற்று, தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி அவர் செய்த ஆய்வை பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் வெளியிட்டது. பத்மஸ்ரீ விருதும் பெற்றார். இந்திய வனவிலங்கு வாரியத்திலும் நீண்ட காலம் உறுப்பினர். தமிழிலும் எழுதினார், 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்று ஒரு துப்பறியும் நாவல் உட்பட! அவருடைய தமிழ்க் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பில் கிடைக்கின்றன.

அதே காலத்தில் நீலகிரியில் ஈ.ஆர்.சி. டேவிதார் என்று ஒரு வக்கீல் இருந்தார். ஒரு காலத்தில் வேட்டைக்காரர், பிறகு துப்பாக்கியை வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தவர். நம் மாநில விலங்கான வரையாடுகளைத் தேடி மலை மலையாக ஏறி இறங்கினார். 1978-ல் வெளியான அவருடைய அறிக்கையின்படி தமிழகம், கேரளம் இரண்டிலும் சேர்த்துச் சுமார் 2,200 வரையாடுகள்தான் மிச்சம். முறையான சம்பளமோ அரசு உத்தரவோ இல்லாமல் ஒரு வக்கீல் செய்த வேலை இது. தமிழக அரசு தன் எல்லைக்குள் ஒரே நேரத்தில் முறையாக எண்ணியது 2024-ல்தான். அப்போது 1,031 என்று கணக்கு வந்தது.

வரையாடு சிவகிரிக்கு வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளிலும் உண்டு. அங்கேயே சாம்பல் நிற மலை அணிலும் இருக்கிறது. பூனை அளவு அணில்! அதற்காகவே 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சரணாலயம் அறிவித்தார்கள். சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர்ப் பக்கத்துக் காடுகள் 2015-ல் நெல்லை வனவிலங்குச் சரணாலயம் ஆயின. களக்காடு முண்டந்துறையைப் பற்றித் தெரிந்த அளவுக்கு இந்தச் சரணாலயத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது.

விலங்கு மட்டும் அல்ல, கட்டிடத்துக்கும் இது பொருந்தும். தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. அதன் ராஜகோபுரம் வெகு காலம் இடிந்து பிளந்து நின்றது. இன்று நாம் பார்ப்பது 1990-ல் குடமுழுக்கு நடந்த புதிய கோபுரம். பழைய மொட்டைக் கோபுரத்தைப் பார்க்காத தலைமுறைக்கு, அந்த நாளில் யாரோ விளையாட்டாக எடுத்து வைத்த படங்கள்தான் ஆதாரம்.

இப்போது கேமரா எல்லோர் கையிலும் வந்துவிட்டது. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். தேதியும் இடமும் எழுதிய ஒரு மங்கலான படம்கூட அந்த வேலைக்கு உதவும். ஆனால் வேறொரு பக்கமும் இருக்கிறது. கூட்டின் மறைப்பை விலக்கிவிட்டுப் படம் எடுத்தால் தாய்ப்பறவை முட்டையை விட்டுப் போய்விடலாம். தேவாங்கின் பெரிய கண்களில் ஃபிளாஷ் அடித்தால் அது தடுமாறும். அபூர்வமான விலங்கு ஒன்றின் இருப்பிடத்தைப் படத்தோடு சொல்லிவிட்டால், அடுத்த வாரம் அங்கே போகிறவன் கையில் கேமராதான் இருக்கும் என்று என்ன நிச்சயம்? அதனால் அனுபவமுள்ளவர்கள் இடத்தையும் தேதியையும் தங்கள் குறிப்பேட்டிலும் ஆய்வாளர்களிடமும் முழுதாகத் தருகிறார்கள். ஊருக்குக் காட்டும் படத்தில் மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கிருஷ்ணன் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2006-ல், அவருடைய படங்கள் பெரிய புத்தகமாக வந்தன. தொகுத்தவர்களில் ஒருவர் பெங்களூரில் வாழ்ந்த டி.என்.ஏ. பெருமாள், இவரைப் போலவே காடு காடாக அலைந்த புகைப்படக்காரர். புத்தகத்தின் படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. யானைகள் அதில் பெரும்பாலும் நின்றுகொண்டும், தின்றுகொண்டும், குட்டியைப் பார்த்துக்கொண்டும் இருக்கின்றன.