கேம் பெட்டிக்குள் வந்த சித்திரக்கதைகள்

அட்டாரி நிறுவனத்தை வார்னர் கம்யூனிகேஷன்ஸ் 1976இல் ஏறத்தாழ 2.8 கோடி டாலருக்கு வாங்கியது. சூப்பர்மேன், பேட்மேன் கதைகளை வெளியிடும் டிசி காமிக்ஸ் அதற்கு முன்பே வார்னரின் கையில் இருந்தது. வீடியோ கேமும் சித்திரக்கதையும் இப்படி ஒரே முதலாளியின் கீழ் வந்ததன் பலனாக, 1982இல் அட்டாரியின் கேம் பெட்டிகளுக்குள் டிசி தயாரித்த சிறு காமிக்ஸ் புத்தகங்களும் வரத் தொடங்கின.

அதற்கான தேவையும் இருந்தது. 1977இல் விற்பனைக்கு வந்த அட்டாரி 2600 கருவியின் தற்காலிக நினைவகம் வெறும் 128 பைட். திரையில் தெரியும் வீரன் சில சதுரப் புள்ளிகளால் ஆன உருவம், அவ்வளவுதான். அவன் யார், எதற்காகப் போராடுகிறான் என்பதையெல்லாம் காகிதம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த வேலை கற்றுக்குட்டிகளிடம் ஒப்படைக்கப்படவில்லை. ராய் தாமஸ் மார்வெலில் கோனன் கதைகளை எழுதிப் பெயர் பெற்றவர். ஜெர்ரி கான்வே, ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசி இறக்கும் 1973ஆம் ஆண்டுக் கதையை எழுதியவர். இருவரும் எழுதிய ‘அட்டாரி ஃபோர்ஸ்’ ஐந்து சிற்றிதழ்களாக டிஃபெண்டர், பெர்சர்க், ஸ்டார் ரெய்டர்ஸ், ஃபீனிக்ஸ், கேலக்சியன் கார்ட்ரிட்ஜ்களுடன் இணைப்பாகக் கிடைத்தது. விளம்பரத்துக்காகப் பிறந்த இந்தக் கதை, 1984இல் கடைகளில் தனியாக விற்கும் மாத இதழாகி 20 இதழ்கள் வரை வந்தது. ஹோசே லூயிஸ் கார்சியா லோபஸின் ஓவியங்களுக்காகவே அதை இன்றும் தேடி வாங்கலாம்.

இவற்றில் துணிச்சலான முயற்சி ‘ஸ்வோர்ட்குவெஸ்ட்’. எர்த்வேர்ல்டு, ஃபயர்வேர்ல்டு, வாட்டர்வேர்ல்டு, ஏர்வேர்ல்டு என நான்கு ஆட்டங்கள் திட்டமிடப்பட்டன. முதலாவது பன்னிரண்டு ராசிகளையும், மூன்றாவது யோக மரபின் ஏழு சக்கரங்களையும் அடிப்படையாகக் கொண்டவை. டார், டாரா என்ற இரட்டையரின் கதையைத் தாமஸும் கான்வேயும் எழுத, ஜார்ஜ் பெரஸும் டிக் ஜியோர்டானோவும் வரைந்தார்கள்.

இங்கே காமிக்ஸ் இல்லாமல் ஆட்டமே முடியாது. எர்த்வேர்ல்டில் சரியான பொருள்களைச் சரியான அறையில் வைத்தால் திரையில் இரண்டு எண்கள் தோன்றும். ஒன்று காமிக்ஸின் பக்க எண், மற்றது அந்தப் பக்கத்தில் உள்ள கட்டத்தின் எண். அந்தக் கட்டத்தை உற்றுப் பார்த்தால் ஓவியத்துக்குள் ஒரு சொல் ஒளிந்திருக்கும். கிடைக்கும் சொற்கள் எல்லாமே சரியானவை அல்ல. பகா எண் கொண்ட பக்கங்களில் உள்ளவை மட்டுமே விடையில் சேரும். அதற்கான குறிப்பும் புத்தகத்திலேயே மறைத்து வைக்கப்பட்டிருந்தது. வாசகரை இவ்வளவு கூர்மையாகப் படிக்க வைத்த விளம்பர வெளியீடு அபூர்வம்.

மொத்தம் 1,50,000 டாலர் மதிப்புள்ள ஐந்து பரிசுகள் அறிவிக்கப்பட்டன. நான்கு ஆட்டங்களின் பரிசுகள் ஒவ்வொன்றும் 25,000 டாலர்; நால்வரில் இறுதியாக வெல்பவருக்கு 50,000 டாலர் மதிப்புள்ள வாள். எர்த்வேர்ல்டுக்கு வந்த சுமார் 5,000 விடைகளில் எட்டு மட்டுமே சரி. அந்த எட்டுப் பேரும் 1983 மே மாதம் கலிஃபோர்னியாவில் அட்டாரி அலுவலகத்தில் மோதினார்கள். வென்றவருக்கு வைரமும் ராசிக்கற்களும் பதித்த 18 காரட் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஃபயர்வேர்ல்டின் இறுதிச்சுற்று 1984 ஜனவரியில் நடந்தது. பரிசு, தங்கத்தாலும் பிளாட்டினத்தாலும் ஆன கிண்ணம்.

அதற்குள் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்துவிட்டது. வாட்டர்வேர்ல்டு அட்டாரி மன்றம் வழியாகக் குறைந்த அளவிலேயே விற்கப்பட்டது. 1984 ஜூலையில் வார்னர், அட்டாரியின் வீட்டு கேம், கணினிப் பிரிவைத் தொழிலதிபர் ஜாக் டிராமியேலிடம் விற்றது. போட்டி கைவிடப்பட்டது. நான்காவது ஆட்டமும் அதன் காமிக்ஸும் வரவேயில்லை. இரட்டையரின் கதை பாதியில் நின்றது.

பின்வந்த எழுத்தாளர்கள் அதை மறக்கவில்லை. 2017இல் டைனமைட் பதிப்பகத்துக்காக சாட் பவர்ஸும் கிறிஸ் சிம்ஸும் புதிய ‘ஸ்வோர்ட்குவெஸ்ட்’ காமிக்ஸை எழுதினார்கள். சிறுவயதில் அந்த ஆட்டத்தில் மூழ்கிக் கிடந்த ஒருவர் பரிசு வாளைத் திருடக் கிளம்பும் கதை அது. ஏர்வேர்ல்டை டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் புதிதாக உருவாக்கி, 2022 நவம்பரில் வந்த ‘அட்டாரி 50’ தொகுப்பில் சேர்த்தது.