பரங்கிமலைத் திருவிழாவும் திருப்பயணிகளின் வழியும்

சென்னையின் தென்மேற்கே ஏறத்தாழ 300 அடி உயரமுள்ள சிறு குன்று பரங்கிமலை. இது புனித தோமையார் மலை என்றும் அழைக்கப்படுகிறது. போர்த்துகீசியர் உள்ளிட்ட ஐரோப்பியரைக் குறித்த 'பரங்கி' என்னும் சொல்லே இதன் பெயருக்கு அடிப்படை என்பர். பிருங்கி முனிவரின் பெயரால் வந்தது என்போரும் உண்டு.

திருவிழா நாள்

இயேசுவின் சீடரான தோமையார் இம்மலையில் கொல்லப்பட்டார் என்பது மரபுவழி நம்பிக்கை. 16ஆம் நூற்றாண்டில் மயிலாப்பூரில் குடியேறிய போர்த்துகீசியர், 1547இல் மலை மீது தேவாலயத்துக்கு அடித்தளம் தோண்டியபோது பகலவி எழுத்துகள் பொறித்த கற்சிலுவை ஒன்று கிடைத்தது. 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி நேரத்தில் அச்சிலுவை வியர்த்தது என்று நம்பப்படுகிறது. அந்நாள் ஐபீரிய நாடுகளில், குழந்தையின் பிறப்பை எதிர்நோக்கும் மரியாவின் திருநாள். மலைக்கோயிலின் திருவிழாவும் அதே நாளில் அமைந்தது.

தோமையாரின் சொந்தத் திருநாள் அக்காலத்தில் டிசம்பர் 21. ஆகவே ஒரே பயணத்தில் இரு விழாக்களையும் காண முடிந்தது. 1969இல் உரோமை நாட்காட்டி திருத்தப்பட்டபோது தோமையார் நாள் ஜூலை 3க்கு மாறியது. மலையின் விழா டிசம்பரிலேயே நின்றது.

பயணிகளின் வழக்கம்

போர்த்துகீசியர் வருவதற்கு முன்பே தோமையாரின் தலத்துக்குப் பயணிகள் வந்தனர். அங்கிருந்து செம்மண் எடுத்துச் சென்று காய்ச்சலுக்கு மருந்தாகக் கொடுத்தனர் என்று 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ குறித்துள்ளார்.

கடற்கரைப் பக்கமிருந்து வருவோர் அடையாற்றைக் கடந்துதான் மலையை அடைய வேண்டும். 1726இல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான், சைதாப்பேட்டையில் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டினார். மலையேறக் கற்படிகளும் அமைத்தார். பாலத்தின் பராமரிப்புக்கும் பணம் ஒதுக்கினார். பின்னர் அவ்விடத்தில் மறைமலை அடிகள் பாலம் எழுந்தது. உஸ்கானின் கல்வெட்டு அதனருகே உள்ளது.

இன்றைய நிலை

பூந்தமல்லியிலிருந்து வருவோருக்கு மவுண்ட்-பூந்தமல்லி சாலை நேர்வழி. அதன் பெயரிலுள்ள 'மவுண்ட்' இம்மலையே. வாகனங்கள் செல்லத் தனிச்சாலை இருந்தும், வேண்டுதலாகப் படியேறுவோர் உள்ளனர். சாந்தோமில் போர்த்துகீசியரின் ஆட்சி 17ஆம் நூற்றாண்டிலேயே ஆட்டம் கண்டது. ஆனால் அவர்கள் தொடங்கிய விழா நிலைத்தது. அதற்கு வழியமைத்தவர் ஓர் ஆர்மீனியர். அதை இன்றுவரை காத்து வருபவர்கள் தமிழ் மக்கள்.