கையெழுத்துப் பிரதி

நிலப்பட வரலாற்று ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரை கேட்கும் அறிவிப்பைத் தமிழாக்கியவர், ‘கையெழுத்துப் பிரதியை மின்னஞ்சலில் அனுப்பவும்’ என்று எழுதியிருந்தார். கணினியில் அடித்ததற்குக் கையெழுத்து எங்கிருந்து வந்தது? ‘மேனுஸ்கிரிப்ட்’ என்பதன் லத்தீன் வேருக்குக் கையால் எழுதியது என்று பொருள். தட்டச்சு வந்தபின் அதில் கை கழன்றுபோய், இன்னும் அச்சேறாதது என்ற பொருள் நின்றது. நிலப்படத் துறையிலோ பழைய பொருளும் உயிரோடு இருக்கிறது. 1935-இல் லியோ பாக்ரோ பெர்லினில் தொடங்கிய ‘இமாகோ முண்டி’ போன்ற இதழ்களில் ‘மேனுஸ்கிரிப்ட் மேப்’ என்றால் அச்சிடாமல் கையால் வரைந்த படம். ஆக, ஆராயும் கட்டுரைக்கும் ஆராயப்படும் படத்துக்கும் ஒரே பெயர்! தமிழில் சிக்கல் வேறு. கையெழுத்து என்றாலே இன்று ஒப்பம்தான். பத்திரப்பதிவில் ‘இங்கே ஒரு கையெழுத்து’ என்றால் யாரும் கட்டுரை எழுத உட்காருவதில்லை. ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்த உ.வே.சா. காலத்தில், ஏட்டைப் பார்த்துப் பெயர்த்தெழுதிய தாளுக்குக் ‘கையெழுத்துப் பிரதி’ என்ற தொடர் கச்சிதமாகப் பொருந்தியது. இப்போது எனக்குப் பிடித்தது ‘படி’. படியெடுப்பது, நகற்படி என்று புழக்கத்தில் ஊறிய சொல். இதழுக்கு அனுப்புவதைக் ‘கட்டுரைப்படி’ என்போம், பழைய படத்தைக் ‘கைவரை நிலப்படம்’ என்போம். ‘சுவடி’ என்ற சொல்லை மட்டும் ஓலைக்கே விட்டுவிடுங்கள்.