குழு உளச்சிகிச்சை

மன நெருக்கடியில் இருக்கும் சிலர், பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவரின் முன்னிலையில் ஒன்றுகூடி, தங்கள் துன்பத்தைப் பேசியும் பிறர் துன்பத்தைக் கேட்டும் நலம் தேடும் முறை குழு உளச்சிகிச்சை எனப்படும். பெரும்பாலும் ஏழெட்டுப் பேர் கூடுவர். வாரம் ஒரு முறை, ஒன்று முதல் இரண்டு மணி நேரம் பேசுவர். மனச்சோர்வு, பதற்றம், மதுப் பழக்கம், இழப்பின் துயரம், உறவுச் சிக்கல் முதலியவற்றுக்கு இது பயன்படுகிறது. தனிச் சிகிச்சைக்கு மருத்துவர் போதாத இடத்தில் செய்யப்படும் சிக்கன ஏற்பாடு என்று இதைத் தாழ்த்திப் பேசுவோர் உண்டு. தொடக்கம் சிக்கனத்தில்தான் என்பது உண்மை. ஆயினும் தனியறையில் எவ்வளவு தேர்ந்த மருத்துவராலும் தர முடியாத சில பயன்கள் குழுவில் கிடைக்கின்றன.

பாஸ்டன் வகுப்பு

இம்முறை காசநோயாளிகளிடையே பிறந்தது. 1905 ஜூலையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை மருத்துவர் ஜோசப் ஹெர்சி பிராட் ஏழை நோயாளிகளுக்காக வாராந்தர வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். காசநோய்க்கு அப்போது மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல்தான். ஓய்வு, தூய காற்று, சத்துணவு, இவ்வளவே மருத்துவம். வசதி உள்ளவர்கள் சானடோரியங்களுக்குப் போனார்கள். நெருக்கடியான வாடகைக் குடியிருப்புகளில் கிடந்தவர்களுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. அதே மருத்துவத்தை அவர்கள் வீட்டிலிருந்தே செய்துகொள்ளக் கற்பிக்க வேண்டும் என்பது பிராட்டின் எண்ணம். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்ல நேரமில்லாததால் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தார். எம்மானுவேல் தேவாலயம் பண உதவி செய்தது.

விதிகள் கடுமையானவை. வேலையை விட்டுவிட வேண்டும். மொட்டை மாடிக் கூடாரத்திலோ பால்கனியிலோ, குளிர்காலத்திலும் திறந்த வெளியில் படுக்க வேண்டும். உடல் வெப்பம், உண்ட உணவு, ஓய்வெடுத்த நேரம் எல்லாவற்றையும் நாள்தோறும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். பணியாளர் ஒருவர் வீடு தேடி வந்து பார்ப்பார். வாரக் கூட்டத்தில் சுமார் 20 பேர் கூடுவர். அங்கே குறிப்பேடுகள் பார்க்கப்படும், எடை எடுக்கப்படும், எடை கூடியவரின் முன்னேற்றம் எல்லோர் முன்னிலையிலும் பாராட்டப்படும்.

வகுப்பில் நிகழ்ந்தது பாடத்தோடு நிற்கவில்லை. வெவ்வேறு இனத்தையும் சமயத்தையும் சேர்ந்தவர்கள் ஒரே நோயின் பெயரால் நண்பர்களானதைப் பிராட் கண்டு எழுதினார். ஊர் விலக்கி வைத்த நோய் அது. அந்த நோயோடு வந்தவர், தன்னைப் போலவே இருந்து இப்போது தேறிவரும் ஒருவரை அங்கே நேரில் பார்த்தார். அந்தக் காட்சி தந்த நம்பிக்கையை எந்த அறிவுரையும் தந்திருக்காது. கூட்டத்திற்கே மருந்தின் வலிமை உண்டு என்பதைப் பிராட் மெல்ல மெல்லத்தான் உணர்ந்தார். 1930இல் பாஸ்டன் டிஸ்பென்சரியில், உடலில் கோளாறு எதுவும் புலப்படாமல் தலைவலி, வயிற்றுவலி என்று வந்து போய்க்கொண்டிருந்தவர்களுக்காக அவர் இன்னொரு வகுப்பைத் தொடங்கினார். இது நேரடியாக மனத்திற்கான வகுப்பு.

முன்னோடிகள்

பிராட்டுக்குப் பின் பலர் தனித்தனியே இந்த வழியில் வந்தார்கள். வாஷிங்டனின் புனித எலிசபெத் மருத்துவமனையில் எட்வர்ட் லாசெல், மனச்சிதைவு நோயாளிகளைக் கூட்டி வைத்துச் சொற்பொழிவாற்றி, அதுபற்றி 1921இல் எழுதினார். முன்பு சமயப் போதகராக இருந்த எல். கோடி மார்ஷ், மனநல மருத்துவமனைகளில் கூட்டு வகுப்புகளை நடத்தினார். டிரிகண்ட் பர்ரோ உளப்பகுப்பாய்வைத் தனி மனிதரிடமிருந்து குழுவுக்கு நகர்த்தினார்.

ஜேக்கப் மொரீனோவின் பாதை வேறு. 1913 வாக்கில் வியன்னாவில் பாலியல் தொழிலாளர் பெண்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்துப் பேச வைத்ததாக அவர் எழுதியிருக்கிறார். முதலில் காவல்துறைத் தொல்லை பற்றிப் பேசியவர்கள், பின்னர் ஒருவருக்கொருவர் துணையானார்கள். மனத்துயரை மேடையில் நடித்துக் காட்டி ஆற்றும் உளநாடக முறையை உருவாக்கியவரும் அவரே. 1925இல் அமெரிக்கா சென்றார். 1932இல் குழு உளச்சிகிச்சை என்ற பெயரை மருத்துவ மாநாட்டில் முன்வைத்தார். அதே காலத்தில் நியூயார்க்கில், பொறியியல் படித்த சாமுவேல் ஸ்லாவ்சன் 1934 முதல் சிறுவர்களைக் கைவினையிலும் விளையாட்டிலும் ஈடுபடுத்தும் குழுக்களை நடத்தினார். இந்த இருவருக்குமிடையே முதன்மைக்கான போட்டி பல ஆண்டுகள் நீடித்தது. முறைக்கு வடிவம் கொடுத்த பெருமை இருவருக்கும் உரியது, தொடக்கம் பிராட்டுடையது.

இரண்டாம் உலகப் போர் இம்முறையை விரைவாகப் பரப்பியது. மனமுடைந்த வீரர்கள் ஏராளமாக வந்தார்கள், மருத்துவர்களோ சிலரே. இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகே நார்த்ஃபீல்டு இராணுவ மருத்துவமனையில், வில்ஃபிரட் பியோனும் ஜான் ரிக்மனும் பயிற்சிப் பிரிவு ஒன்றின் பொறுப்பை நோயாளிகளின் குழுக்களிடமே விட்டார்கள். மனநோயே அனைவருக்கும் பொது எதிரி, அதை அனைவரும் சேர்ந்து எதிர்கொள்ள வேண்டும் என்பது பியோனின் அணுகுமுறை. இந்தச் சோதனை ஆறே வாரங்களில் நிறுத்தப்பட்டது. அதே மருத்துவமனையில் பின்னர் பணியாற்றிய எஸ். எச். ஃபவுல்க்ஸ், லண்டனில் குழுப் பகுப்பாய்வுச் சங்கத்தை 1952இல் நிறுவினார்.

பயன்கள்

குழுவில் ஆள் ஏன் தேறுகிறார் என்ற கேள்விக்கு மனநல மருத்துவர் இர்வின் யாலோம் தெளிவான விடை தந்தார். 1970இல் முதலில் வெளியாகிப் பலமுறை திருத்தப்பட்ட அவரது பாடநூல், குணமாக்கும் 11 காரணிகளை விளக்குகிறது. எனக்கு மட்டும்தான் இப்படி என்ற எண்ணம் கலைவது அவற்றுள் ஒன்று. வெட்கத்தோடு மறைத்து வைத்ததை ஒருவர் சொல்லி முடிக்கும்போது எதிரே இருவர் தலையசைத்தால், அங்கேயே பாதிச் சுமை இறங்கிவிடுகிறது. இன்னொன்று, பிறருக்கு உதவுவது. தன்னால் யாருக்கும் பயனில்லை என்று குறுகிப்போனவர், தன் சொல் பக்கத்து நாற்காலிக்காரருக்கு ஆறுதலானதைப் பார்க்கிறார். தனிச் சிகிச்சையில் பெறுபவர் எப்போதும் பெறுபவர்தான். இங்கே கொடுப்பவராகவும் ஆகிறார். இம்முறையின் தலையாய சிறப்பு இதுவே.

உறவுகளுக்கு வரும் நன்மை இன்னும் ஆழமானது. வீட்டில் பேச்சை வெட்டுபவர் குழுவிலும் வெட்டுவார். எல்லாவற்றுக்கும் ‘பரவாயில்லை’ என்று விழுங்கிக்கொள்பவர் இங்கும் விழுங்குவார். சில வாரங்களில் ஒவ்வொருவரும் தம் குடும்பத்தைத் தம்மை அறியாமல் அங்கே அமைத்துக்கொள்கிறார்கள்: ஒருவரிடம் தந்தையின் அதட்டலைக் காண்கிறார்கள், இன்னொருவரோடு அண்ணன் தம்பிப் போட்டி தொடங்குகிறது. வீட்டில் அது சண்டையில் முடியும். குழுவிலோ, நீங்கள் அப்படிச் சொன்னபோது எனக்கு வலித்தது என்று ஒருவர் அமைதியாகச் சொல்ல இடமிருக்கிறது. கேட்டவருக்கு அதைச் சிந்திக்க நேரமிருக்கிறது. கோபத்தை உறவு முறியாமல் வெளிப்படுத்தலாம் என்பதைச் சிலர் வாழ்வில் முதன்முறையாக அங்கேதான் அறிகிறார்கள்.

சான்றுகள் உண்டு. தென்மேற்கு உகாண்டாவில் ஆய்வுக்கு எடுத்த 30 கிராமங்களுள் பாதியில் மனச்சோர்வுற்றோருக்கு வாரம் ஒன்றாக 16 வாரம் குழுக் கூட்டங்கள் நடந்தன. இரண்டு வாரப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களே நடத்தினார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குழுக்கள். 2003இல் வெளியான முடிவின்படி, குழுவில் இருந்தோரில் கடும் மனச்சோர்வு உடையவர்கள் 86 விழுக்காட்டிலிருந்து 6.5 ஆகக் குறைந்தனர். குழு கிடைக்காத கிராமங்களில் அது 94இலிருந்து 54.7 ஆனது. புற்றுநோய்த் துறையில், பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களுக்குக் குழு ஆயுளை நீட்டுகிறது என்று டேவிட் ஸ்பீகல் 1989இல் அறிவித்தது பெரிதாகப் பேசப்பட்டது. 235 பெண்களை ஆராய்ந்து 2001இல் வெளியான கனடிய ஆய்வில் ஆயுள் கூடவில்லை. மனத்துயரும் வலியுணர்வும் குறைந்தன. இறுதி நோயில் இருப்பவருக்கு அதுவே பெரிய பேறு.

குழு எல்லோருக்கும் ஏற்றதன்று. தற்கொலை எண்ணம் முற்றிய நிலையிலும் தீவிர மனப்பிறழ்வின்போதும் தனிக் கவனமே முதலில் தேவை. கேட்டதை வெளியே சொல்லாதிருத்தல் அனைவரையும் கட்டுப்படுத்தும் விதி.

இன்றைய நிலை

இந்தியாவில் 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தினரை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்க வைத்து, அவர்களைக் கூட்டிப் பேசினார். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் நிறுவிய டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையின் மதுமீட்புச் சிகிச்சையில் குடிப்பவர்களோடு குடும்பத்தாருக்கும் இடமுண்டு. உலக சுகாதார நிறுவனம் மனச்சோர்வுக்கான குழுச் சிகிச்சைக் கையேட்டை 2016இல் வெளியிட்டது. கொரோனாவுக்குப் பின் இணையவழிக் குழுக்களும் நடைபெறுகின்றன.