தமிழோசையின் நிறைவு: சிற்றலை வானொலியும் திண்டுக்கல் சமவெளியின் கேட்புவெளியும்

முன்னுரை

2017 ஏப்ரல் 30 அன்று பி.பி.சி.யின் தமிழ் வானொலிச் சேவையான தமிழோசை தன் இறுதி நிகழ்ச்சியை ஒலிபரப்பியது. 76 ஆண்டுகள் நீடித்த அச்சேவையின் முடிவு, கைப்பேசியும் தொலைக்காட்சியும் பரவியதால் நேர்ந்த இயல்பான மாற்றமாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. அக்கருத்தில் உண்மை உண்டு. ஆயினும், நிகழ்ச்சியோடு அதனைச் சுமந்துவந்த அலைவழியும் கைவிடப்பட்டது என்பது போதிய கவனம் பெறவில்லை. அவ்வலைவழியின் இழப்பால் நேர்ந்தது யாது என்பதைத் திண்டுக்கல் நகரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் கேட்புக்களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

சமவெளியின் அலைவெளி

வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய இச்சமவெளி, பல நிலையங்களின் அலைகள் சந்திக்கும் இடமாகும். 1939 மே 16 அன்று தொடங்கப்பெற்ற திருச்சிராப்பள்ளி வானொலியும், பின்னர் வந்த மதுரை வானொலியும் மத்திய அலையில் ஒலித்தன. இலங்கை வானொலியும் அவ்வலைவரிசையிலேயே கடல் கடந்து வந்தது. பிற்காலத்தில் கொடைக்கானல் பண்பலை நிலையம் மலைமேல் அமைந்தது. பண்பலை ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வதால், அதற்கு உயரம் இன்றியமையாதது.

மத்திய அலை, சிற்றலை இரண்டும் வீச்சுப் பண்பேற்ற முறையில் இயங்கியவை. எனினும் சிற்றலையின் இயல்பு வேறு. அது வளிமண்டலத்தின் மேற்பகுதியிலுள்ள அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து நிலத்தை அடைகிறது. புவிகாந்த நடுக்கோட்டை ஒட்டி அமைந்த கொடைக்கானல் வானாய்வகம் அயனிமண்டல ஆய்விலும் ஈடுபட்டது என்பது இங்குக் கருதத்தக்கது. சமவெளியில் கேட்கப்பட்ட தொலைநாட்டுக் குரல்களைத் திருப்பியனுப்பிய வான்பரப்பே இம்மாவட்டத்து மலையில் ஆய்வுப்பொருளாகவும் விளங்கியது.

தமிழோசையின் தோற்றம்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941 மே 3 அன்று, வாரம் ஒருமுறை வரும் செய்தி மடலாக இச்சேவை தொடங்கிற்று. பேரரசின் போர்த்தேவையே அதன் பிறப்பிற்குக் காரணம். ஆகவே அதனைத் தொடக்கம் முதலே சார்பற்ற குரலாகக் கொள்ளுதல் பொருந்தாது. இலங்கை வானொலியில் அனுபவம் பெற்றவரும் ஒலிபரப்புக்கலை குறித்து நூல் எழுதியவருமான சோ. சிவபாதசுந்தரம் அதற்குத் தமிழோசை எனப் பெயரிட்டார். பிற்காலத்தில் இந்திய நேரப்படி இரவு 9.15 மணிக்குத் தொடங்கும் அரைமணி நேர அன்றாட நிகழ்ச்சியாக அது நிலைபெற்றது.

எல்லையும் அனுமதியும்

ஈழப்போர்க் காலத்தில்தான் இச்சேவையின் இன்றியமையாமை முழுமையாக வெளிப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி அளித்துவந்த மயில்வாகனம் நிமலராஜன் 2000 அக்டோபர் 19 அன்று தம் இல்லத்தில் கொல்லப்பட்டார். அங்கிருந்து செய்தி அனுப்புதல் உயிரைப் பணயம் வைக்கும் தொழிலாக இருந்தது.

அச்செய்தி கேட்போரை அடைந்த வழியும் வரலாற்று முக்கியத்துவம் உடையது. 2009 பிப்ரவரியில், தன் நிகழ்ச்சிகளில் குறுக்கீடு நேர்வதாகக் கூறி, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பண்பலை வழியான மறு ஒலிபரப்பை பி.பி.சி. நிறுத்திக்கொண்டது. 2013 மார்ச்சில் தமிழ் நிகழ்ச்சி தடைப்பட்டபோதும் அவ்வாறே செய்தது. உள்நாட்டுப் பண்பலை, உள்நாட்டு நிறுவனத்தின் இசைவைச் சார்ந்தது. சிற்றலைக்கோ அத்தகைய இடையாள் தேவையில்லை. அலையைக் குலைக்க முயலலாமேயன்றி, அதற்கு உரிமம் மறுக்க இயலாது.

இந்தியாவின் நிலையும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. இங்குத் தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப விதிகள் இடந்தருவதில்லை. அகில இந்திய வானொலியின் செய்திகளை மாற்றமின்றி மறு ஒலிபரப்பலாம். எனவே தமிழோசை நின்றபின், சமவெளியின் வானொலிப் பெட்டியில் அரசு வானொலியின் செய்தியோடு ஒப்பிட்டுக் கேட்கத்தக்க ஒரு முதன்மைக் குரல் மறைந்தது.

இணையம் அவ்விடத்தை நிரப்பியது என்பர். பி.பி.சி. தமிழ் இன்றும் இணையத்தில் இயங்குகிறது. 2017 அக்டோபர் 2 அன்று தெலுங்கு, குஜராத்தி, மராத்தி, பஞ்சாபி ஆகிய மொழிகளிலும் பி.பி.சி. புதிய சேவைகளைத் தொடங்கியது. நிகழ்ச்சியை வேண்டியபோது மீண்டும் கேட்கும் வசதி சிற்றலையில் இருந்ததில்லை என்பதும் மறுக்கவியலாதது. ஆனால் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டிற்கு மறுநாள், 2018 மே 23 அன்று, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையச் சேவையை நிறுத்த ஆணையிடப்பட்டது. தமிழோசை நின்று 13 மாதங்கள்கூட நிறைவடையாத நிலையில், புதிய வழியின் வலுக்குறைவு தமிழ்நாட்டிலேயே வெளிப்பட்டது.

முடிவுரை

தமிழோசையின் நிறைவைப் பழைய கருவியின் மறைவாக மட்டும் காண்பது குறையுடைய பார்வையாகும். இரைச்சலும் தேய்வும் கலந்த சிற்றலை, எவரிடமும் இசைவு பெறாமல் எல்லை கடந்தது. யார் கேட்கிறார் என்ற தடத்தையும் அது விட்டுவைக்கவில்லை. அத்தடமின்மையே கேட்போருக்குப் பாதுகாப்பாகவும் ஆய்வாளருக்கு இடர்ப்பாடாகவும் அமைகிறது. திண்டுக்கல் போன்ற ஊர்களில் இரவு 9.15 மணிக்கு வானொலியைத் திருகியவர் யாவர், எதற்காகக் கேட்டனர், கேட்டதை யாரிடம் பகிர்ந்தனர் என்பதற்கு அவர்தம் நினைவே முதன்மைச் சான்று. அவர்கள் மூப்படைந்துவருகின்றனர். வாய்மொழி வரலாற்று முறையில் அந்நினைவுகளைத் தொகுப்பது தமிழ் ஊடக வரலாற்றாய்வின் உடனடிக் கடமையாகும்.