சமூகக் கட்டுப்பாடு பற்றிய எழுத்தில் கருத்து வரிசை

சமூகக் கட்டுப்பாடு என்ற கருத்தைச் சமூகவியலில் பரவலாக்கியவர் அமெரிக்க அறிஞர் எட்வர்ட் ஆல்ஸ்வர்த் ராஸ். 1896 முதல் இதழ்க் கட்டுரைகளாக எழுதியவற்றை 1901 இல் நூலாக்கினார். கட்டுப்பாடு ஏன் தேவை, எவ்வழிகளில் நிகழ்கிறது, எப்படி ஓர் அமைப்பாகிறது என நூல் மூன்று பகுதிகளாகச் செல்கிறது. பொதுக்கருத்து, சட்டம், கல்வி என வழிகள் ஒவ்வொன்றாக விளக்கப்படுகின்றன. மாணவருக்கு எளிய வரிசைதான். ஆனால் ஒரு வர்க்கம் மற்றொன்றை அடக்குவது பற்றிய பேச்சு கடைசிப் பகுதிக்குத் தள்ளப்பட்டுவிடுகிறது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ 1975 இல் எழுதிய ‘கண்காணிப்பும் தண்டனையும்’ இதற்கு நேர்மாறானது. அதில் வரையறை முதலில் வருவதில்லை. பதினைந்தாம் லூயி மன்னரைக் கத்தியால் தாக்கிய தாமியேன், 1757 இல் பாரிசில் மக்கள் முன்னிலையில் சித்திரவதை செய்து கொல்லப்பட்டதை நூல் விரிவாகக் காட்டுகிறது. அதை அடுத்து, சுமார் எண்பது ஆண்டுகளுக்குப் பிந்தைய, இளம் கைதிகளுக்கான நேர அட்டவணை வருகிறது: எழுவது, வேலை, உணவு, உறக்கம், எல்லாம் மணிக்கணக்கில். விளக்கம் அதன் பிறகே. உடலை வதைத்த அதிகாரம் எப்போது நேரத்தை ஆளத் தொடங்கியது என்ற கேள்வி வாசகரிடம் தானாக எழுந்துவிடுகிறது.

இந்த வரிசை வெறும் நடை உத்தி அன்று. அதுவே ஒரு வாதம். இரண்டு காட்சிகளை ஒட்டி வைத்ததும் இடைப்பட்ட ஆண்டுகள் சுருங்கி, மாற்றம் திடீரெனத் தோன்றுகிறது. சித்திரவதையை எதிர்த்து இத்தாலியரான பெக்காரியா 1764 இல் எழுதியது போன்ற சீர்திருத்த முயற்சிகள் பின்னரே பேசப்படுகின்றன. டச்சு வரலாற்றாளர் பீட்டர் ஸ்பியரன்பர்க் 1984 இல் ஆம்ஸ்டர்டாம் பதிவுகளைக் கொண்டு இதை மறுத்தார். பொதுத் தண்டனைகள் நீண்ட காலத்தில், படிப்படியாகவே மறைந்தன என்பது அவர் முடிவு.